ஏப்ரலில் ஒரு காலை செம்பவாங்கில்

ஏப்ரல்தோறும் நடக்கும் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சி நடத்தும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் செம்பவாங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவள் எழுதுகிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வந்திருக்கிறேன். அடுத்த ஏப்ரலில் உங்கள் நிகழ்ச்சிகளில் ஒன்றை எங்கள் பேட்டையில் வையுங்கள். அரங்கம் வேண்டாம், மேடை வேண்டாம். தாத்தா பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து வரும் ஒரு காலை நடை போதும். பேச்சு முழுக்கத் தமிழில் இருக்கட்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மகளையும் கம்பாஸ் அவென்யூவில் இருக்கும் வெந்நீரூற்றுப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. வெந்நீரில் காலை வைத்தால் அன்று முழுக்க இதமாக இருக்கிறது என்பார். ஏழரை மணிக்கே நல்ல கூட்டம். பக்கத்தில் ஒரு பெரியவர் ஊற்றின் வெந்நீரில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து பார்ப்பதும், கடிகாரத்தைப் பார்ப்பதும், மறுபடி மூடுவதுமாக இருந்தார். நாங்கள் பேசிய தமிழைக் கேட்டதும் திரும்பி, "எங்கம்மா வீடு?" என்றார். அம்மா பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கதை தொடங்கிவிட்டது.

அவருடைய அப்பா நேவல் பேஸில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவராம். "சாயங்காலம் சங்கு ஊதுச்சுன்னா கேட் முழுக்க சைக்கிளா இருக்கும். எங்கப்பா எங்க வர்றாருன்னு மணிச் சத்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்" என்றார். சொல்லும்போது கட்டைவிரலால் மணி அடிப்பதுபோல் செய்து காட்டினார். அம்மா காலைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மகள் கேட்டாள், "அம்மா, பேஸ்னா என்ன?" அவளுக்குப் பதினொரு வயது. பிறந்ததிலிருந்து செம்பவாங்கில்தான் இருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பிரிட்டிஷ்காரர்கள் இங்கே கட்டிய கடற்படைத் தளம் 1938இல் திறக்கப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். கான்பரா, வெலிங்டன், டர்பன், மால்டா, ஃபீஜி என்று எங்கள் தெருக்களுக்கு உலகத்து ஊர்ப் பெயர்களெல்லாம் வந்தது அந்தப் பிரிட்டிஷ் காலத்தில்தான். 1968இல் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. இன்று பக்கத்து ஊரான யீஷூனில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறோமே, அந்தப் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் முதலில் கான்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கியது. தொடங்கியவரும் தளத்தில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி. காவடி எடுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெந்நீரூற்றுக்கும் பெரிய கதை உண்டு. 1909இல் கண்டுபிடித்தார்கள். பிறகு ஃபிரேசர் அண்ட் நீவ் என்ற குளிர்பான நிறுவனம் அந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சியில் அந்த இடம் குளியலிடமானது. இப்போது நாம் பார்க்கும் பூங்கா 2020 ஜனவரியில் திறந்தது. தண்ணீர் மேலே வரும்போது ஏறக்குறைய 70 டிகிரி சூடு, அதனால் சின்னப் பிள்ளைகளைக் குழாயருகே விடக்கூடாது. படிப்படியாக வழிந்து ஆறி வரும் தொட்டிகளில் காலை வைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து செம்பவாங் பூங்காவுக்குப் போகலாம். ஊருக்குப் பெயர் கொடுத்த செம்பவாங் மரத்தை அங்கே பார்க்கலாம். பியூலியூ ஹவுஸ் என்ற பழைய பங்களா, அதையொட்டிய படகுத்துறை, எதிரே மலேசியாவின் ஜொகூர் என்று கண்ணுக்கு நிறைய இருக்கிறது. படகுத்துறையில் நண்டுக்கூட்டைக் கயிற்றில் இறக்கிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கூடு மேலே வரும்போது பிள்ளைகள் ஓடி வந்து எட்டிப் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் மனிதர் கொட்டிய மணலாக இல்லாமல் இயற்கையாக அமைந்த கடற்கரைகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று இங்கே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போர்க்கப்பல் வடிவில் விளையாட்டுத் திடலும் உண்டு.

பேச்சுப் போட்டி, கவிதைப் போட்டி எல்லாம் நல்லவைதான், என் மகளும் கலந்துகொள்கிறாள். ஆனால் மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கியதும் அவள் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறாள். அன்று அந்தப் பெரியவரிடம் மட்டும், "முட்டை எப்போ வேகும்? சைக்கிள் என்ன கலர்?" என்று தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறு வழியில்லை, அவருக்குத் தமிழில்தான் சரளமாகப் பேச வந்தது. அப்படியொரு காலையை நூறு பிள்ளைகளுக்குக் கொடுக்க உங்களால் முடியும். தளத்தில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு விட்டுவிடாமல், கால் நனைத்தபடி பேசவிடுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். வெந்நீரூற்றுப் பூங்கா காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. வெயில் ஏறுவதற்குள் அதை முடித்துவிட வேண்டும். பெரியவர்களை அங்கிருந்து செம்பவாங் பூங்காவுக்கு அழைத்துப் போக ஒரு பேருந்து பேசுங்கள். நேராகப் பூங்காவுக்கு வருபவர்களுக்குச் செம்பவாங் பேருந்து நிலையத்திலிருந்து 882ஆம் எண் பேருந்து இருக்கிறது. குடை, மாற்றுத் துண்டு, ஆளுக்கு இரண்டு முட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு குழுவுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், இல்லையென்றால் பெரியவர்கள் பேசுவது காதில் விழாது.

எங்கள் புளோக்கிலும் பக்கத்து புளோக்குகளிலும் தளத்துக் கதை தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பேசி வைப்பது என் பொறுப்பு. அந்த முட்டைக்காரப் பெரியவரிடம் கேட்டுவிட்டேன். தேதி சொன்னால் போதும், வந்துவிடுகிறேன் என்றார்.

அன்புடன்,
செம்பவாங் குடியிருப்பாளர் ஒருத்தி