தனித்து வாழும் முதியோரின் உயிருக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு வேண்டி அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவாரூர்.

பொருள்: தனித்து வாழும் மூத்த குடிமக்களின் பட்டியலைக் காவல் நிலையத்தில் பேணி, மாதந்தோறும் அவர்களை நேரில் பார்க்கவும், வீடுகளின் பாதுகாப்புக்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நடவுக்கும் அறுப்புக்கும் வெளியூரிலிருந்து ஆள் அழைத்து வரும் நிலைக்கு எங்கள் ஊர் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்டதால், பெரும்பாலான வீடுகளில் எழுபது வயதைக் கடந்த தாய் தந்தையர் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காலமான பிறகு மற்றவர் அத்தனை பெரிய வீட்டில் தன்னந்தனியே காலம் கழிக்கிறார். இத்தகையோர் எத்தனை பேர், எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும், காவலர் ஒருவர் மாதந்தோறும் அவர்களை வந்து பார்க்க வேண்டும் என்பதே நாங்கள் தங்கள் முன் வைக்கும் முதன்மையான கோரிக்கை.

இது நாங்கள் புதிதாகக் கேட்கும் சலுகையன்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 22-ஆவது பிரிவு, மூத்த குடிமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிக்க மாநில அரசு விரிவான செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று கூறுகிறது; சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கு அளிக்கவும் அதே பிரிவு வழிசெய்கிறது. அதன்படி 2009-இல் வகுக்கப்பட்ட தமிழ்நாட்டு விதிகள், ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் வாழும் மூத்த குடிமக்களின், குறிப்பாகத் தனியே வசிப்போரின் பட்டியலைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும் என்றும், காவல் நிலையத்தைச் சேர்ந்த ஒருவர் இயன்றவரை சமூகப் பணியாளர் அல்லது தன்னார்வலர் ஒருவருடன் மாதம் ஒருமுறையேனும் அவர்களைச் சந்திக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. எங்கள் தெருக்களில் அப்படி எவரும் வந்து பார்த்ததாக முதியோர் யாரும் சொல்லவில்லை. பல கிராமங்களுக்குச் சேர்த்து ஒரு காவல் நிலையமும் சில காவலர்களும்தான் இருக்கிறார்கள் என்பதை நாங்கள் உணர்ந்தே எழுதுகிறோம். ஆகவேதான், காவல்துறையின்மீது மட்டும் சுமையை ஏற்றாமல் வருவாய்த் துறையையும் சுகாதாரத் துறையையும் இதில் இணைக்கக்கூடிய இடத்தில் இருக்கும் தங்களிடம் வந்திருக்கிறோம்.

பட்டியல் எடுப்பது கடினமான வேலையன்று. 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாக வருகிறார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தபால்காரருக்கும் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. கிராம நிர்வாக அலுவலர் இவர்களைக் கலந்து பட்டியலைத் தயாரித்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம்: அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டவோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிரவோ எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. தனியாக இருப்போரின் பட்டியல் தவறானவர் கையில் சிக்கினால், நாங்களே திருடருக்கு வழி காட்டியதாகிவிடும்.

எங்கள் வீடுகளின் அமைப்பே பாதுகாப்பைக் கடினமாக்குகிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் வாசல் நிலைக்கதவு யானை முட்டினாலும் அசையாது. கொல்லைக் கதவோ ஒற்றைத் தாழ்ப்பாளில் நிற்கும். அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் வாய்க்கால் அல்லது ஆற்றங்கரை. இரவில் அந்த வழியாக யார் வந்தாலும் தெருவில் இருப்பவருக்குத் தெரியாது. நடுவில் உள்ள முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால், ஓட்டின் மீது ஏறியவர் தூணைப் பிடித்து எளிதில் உள்ளே இறங்கிவிடலாம். அவர் ஏறுவதற்கான ஏணி நம் மாட்டுக்கொட்டகையிலேயே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கதவை நெம்புவதற்கான கடப்பாரையும் கொல்லையிலேயே கிடக்கிறது. சாவியை மாடக்குழியிலோ நிலைப்படியின் மேலோ வைத்துவிட்டுப் போகும் வழக்கம் ஊர் முழுக்க உண்டு, வெளியாள் ஒருவர் இரண்டு நாள் கவனித்தால் போதும். ஆகையால், காவலர் மாதந்தோறும் வரும்போது நலம் விசாரித்துக் கையொப்பம் வாங்கிச் செல்வதோடு நில்லாமல், கொல்லைக் கதவுக்கு உட்புறம் குறுக்குச் சட்டம் இருக்கிறதா, முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி போடப்பட்டிருக்கிறதா, ஏணியும் கடப்பாரையும் மண்வெட்டியும் உள்ளே வைத்துப் பூட்டப்படுகின்றனவா, கொல்லையில் ஒரு விளக்காவது எரிகிறதா என்று வீட்டைச் சுற்றிப் பார்த்து அந்த முதியவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் தொலைபேசியில் பலமுறை சொல்லியும் நடக்காதது, காக்கிச் சட்டை போட்டவர் வாசலில் நின்று ஒருமுறை சொன்னால் நடக்கும்.

வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் தெரிவித்தால் ரோந்துக் காவலர்கள் பூட்டிய வீட்டைக் கண்காணிப்பார்கள் என்று காவல்துறை அறிவிப்பது நகரவாசிகளுக்குத் தெரிந்த அளவு எங்கள் ஊர்களில் தெரியவில்லை. இங்கே வீடு பூட்டியிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது பூட்டு மட்டுமன்று. வாசலில் கோலம் இல்லாததே போதும். உறவினர் வீட்டுத் துக்கத்துக்கோ கல்யாணத்துக்கோ குடும்பமே கிளம்பிவிட்டால், மறுநாள் காலை தண்ணீர் தெளிக்காத வாசல் அந்தச் செய்தியைத் தெருவுக்கே அறிவித்துவிடுகிறது. எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர் இப்போது முறை வைத்துக்கொண்டு பூட்டிய வீடுகளின் வாசலில் தெளித்துக் கோலம் போடவும், மாலையில் திண்ணை விளக்கைப் போடவும் செய்கிறார்கள். இவர்கள் கையில் ஊருக்குப் பொறுப்பான காவலரின் கைபேசி எண் இருந்து, அவர்கள் சொல்லும் வீட்டை இரவு ரோந்தில் பார்த்து, காவலர் வந்து சென்றதைப் பதியும் பட்டா புத்தகத்தில் கையொப்பமிடும் முறையும் வந்துவிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும். ஆளில்லாத கோயில்களின் உற்சவத் திருமேனிகளைத் திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைத்து அரசு காத்துவருவதை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். அந்தக் கவனத்தில் ஒரு பங்கு, ஊரில் தனித்திருக்கும் மனிதர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

திருட்டைவிட எங்கள் மூதாட்டிகளை அதிகம் வருத்துவது ஏமாற்றுதான். முதியோர் உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒருவர் வருவார். கழுத்தில் நகை இருந்தால் அதிகாரி மனுவைத் தள்ளிவிடுவார், கழற்றி இந்தத் தாளில் மடித்து வையுங்கள் என்பார். அவர் போன பிறகு பிரித்துப் பார்த்தால் தாளில் கல்தான் இருக்கும். பாத்திரத்துக்கும் நகைக்கும் மெருகு ஏற்றுவதாக வருவோரின் திரவத்தில் ஊறிய சங்கிலி பளபளப்பாகத் திரும்பி வரும், ஆனால் தங்கத்தில் ஒரு பகுதி அந்தத் திரவத்திலேயே கரைந்து போயிருக்கும். அடுப்பைச் சோதிக்க வந்தேன், மின் அளவியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி உள்ளே நுழைவோரும் உண்டு. அரசின் பெயரைச் சொல்லி நடக்கும் ஏமாற்று என்பதால் அரசுதான் இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டும். உதவித்தொகைக்காக நகையைக் கழற்றச் சொல்லும் நடைமுறை எதுவும் இல்லை, எந்த அலுவலரும் வீட்டுக்கு வந்து பணமோ நகையோ கேட்க மாட்டார் என்று தங்கள் பெயரிலேயே ஓர் அறிவிப்பு, நியாயவிலைக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். படிக்கத் தெரியாதோருக்காக ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டும். வீடு தேடி வரும் அரசுப் பணியாளர்கள் அனைவரும் அடையாள அட்டையை அணிந்து, திண்ணையில் நின்றே தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டால், அட்டை இல்லாமல் வருபவரைத் தயங்காமல் திருப்பி அனுப்பும் துணிவு எங்கள் பெரியவர்களுக்கு வரும்.

தொலைபேசி வழி மோசடியும் இங்கே வந்துவிட்டது. நெல் விற்ற பணம் வங்கிக் கணக்குக்கே வருவதால், கொள்முதல் முடிந்த நாட்களில் கணக்கு எண்ணையும் ஓடிபியையும் கேட்டு அழைப்புகள் வருகின்றன. காணொளியில் காவல் சீருடையோடு தோன்றி டிஜிட்டல் கைது என்று மிரட்டுவோரும் இருக்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது என்பதும், பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்தால் அது கைமாறுவதற்கு முன் தடுக்க வாய்ப்புண்டு என்பதும் கொள்முதல் நிலையங்களிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும்.

விடியற்காலையில் படித்துறைக்கும் பால் ஊற்றவும் நடவுக்கும் செல்லும் பெண்களிடம், இரு சக்கர வாகனத்தில் வந்து முகவரி கேட்பதுபோல் நிறுத்திச் சங்கிலியைப் பறித்துச் செல்வது இப்பகுதியின் மற்றொரு துயரம். ஆற்றங்கரைச் சாலையில் எரியாத தெருவிளக்குகளைச் சரிசெய்ய ஊராட்சிக்குத் தாங்கள் ஆணையிட வேண்டும். கண்காணிப்பு கேமராவைப் பொறுத்தவரை, கடைத்தெருவில் பொருத்துவதைவிடப் பாலங்களில் பொருத்துவதே எங்கள் நிலத்துக்குப் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். ஆறும் கிளை வாய்க்கால்களும் சூழ்ந்த எங்கள் ஊரிலிருந்து வாகனத்தில் வெளியேற வேண்டுமானால் ஏதாவது ஒரு பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும். பாலத்தின் இரு முனைகளையும் பார்க்கும்படி கேமரா இருந்தால் பறித்தவர் எப்பக்கம் போனார் என்பது தெரிந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நாங்கள் இருளில் கழித்த இரவுகளை நினைவில் வைத்து, மின்சாரம் போனாலும் இயங்கும்படி சூரிய ஒளித் தகடும் மின்கலமும் சேர்த்தே பொருத்த வேண்டுகிறோம். நமக்கு நாமே திட்டத்தில் இதற்கு இடமளித்தால், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளிடமிருந்து பொதுமக்கள் பங்குத் தொகையைத் திரட்டித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

எங்கள் ஊரிலிருந்து சிறிது தொலைவிலேயே தஞ்சாவூர் மாவட்ட எல்லை வந்துவிடுவதால், சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லையன்று என்று புகார்தாரர் அலைக்கழிக்கப்படும் நிலையும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் கட்டணமின்றிப் பெறலாம். இதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வழியாக எல்லா நிலையங்களுக்கும் மீண்டும் நினைவூட்ட வேண்டும்.

இறுதியாக ஒன்று. எங்கள் ஊருக்கு அருகில் பாதுகாப்புப் பெட்டக வசதி இல்லாத காரணத்தால், பணத்தேவை எதுவும் இல்லாதபோதும் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை அடகு வைத்து, காவலுக்கு விலையாக வட்டி கட்டி வருவோர் இருக்கிறார்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலேயே குறைந்த வாடகையில் பெட்டகம் கிடைத்தால் அந்த வட்டி மிச்சமாகும். அரிசிப் பானையிலும் பீரோவின் அடித்தட்டிலும் நகையை ஒளித்து வைக்கும் அவசியமும் இராது.

சம்பா அறுவடை முடிந்து அடகிலிருந்து நகைகள் மீண்டு வீட்டுக்கு வரும் காலம் தை, மாசி என்பதால், அதற்கு முன்பே பட்டியலை எடுத்து முடித்து, காவலரின் முதல் சுற்றைத் தொடங்கி வைக்குமாறும், ஜனவரி 26 அன்று நடைபெறும் கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் ஊருக்குப் பொறுப்பான காவலரை மக்களுக்கு அறிமுகம் செய்து, அவருடைய எண்ணையும் 100, 112 ஆகிய அவசர எண்களையும் முதியோர் உதவிக்கான 14567 என்ற எண்ணையும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைக்க ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

இணைப்பு: பொதுமக்கள் கையொப்பமிட்ட தாள்கள்.
நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், திருவாரூர்.