நாலு மில்லி ஆம்பியர்

செம்பூர், மும்பை
ஐப்பசி, ஞாயிறு ராத்திரி

ஏலே குண்டு,

நலம், நலமறிய அவா, இன்ன பிற எல்லாம் எழுதியாச்சு என்று வைத்துக்கொள். மதினிக்கு மூட்டுவலி தேவலையா? சோடாபுட்டி மகள் கல்யாணத்தில் நீ ரெண்டு பந்தியில் உட்கார்ந்ததாகத் தகவல் வந்தது. ஆதாரத்துக்குப் படமும் வந்தது. இடையில் சட்டையை மாற்றிவிட்டால் ஆள் தெரியாது என்று உனக்கு யார்லே சொன்னது?

பத்து மாதமாக ஒரு வரி இல்லை என்று நீ பொருமுவாய். தீபாவளிக்கு மத்தாப்புப் படம் அனுப்பினேனே என்றால் அதை நீ கணக்கில் சேர்க்க மாட்டாய். நடுவில் ரெண்டு தடவை கூப்பிட்டாய், ரெண்டு தடவையும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றேன். எனக்கு ஏதுலே மீட்டிங்? நான் மீட்டர் பார்க்கிறவன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி மகாலட்சுமி எக்ஸ்பிரஸ். விடிந்தால் கோலாப்பூர். அப்புறம் சாங்கிலி, சாத்தாரா, சோலாப்பூர் என்று போய், பொங்கல் கழிந்து நகர் பக்கம் ஏற வேண்டும். ஐந்து மாதம், ஒன்பது சர்க்கரை ஆலை. எனக்கு இது 24ஆவது அரவை. என் பழைய டைரியில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் பேர் மாறிவிட்டது தெரியுமா? அகமத்நகர் அகில்யாநகர் ஆகிவிட்டது. உஸ்மானாபாத் தாராசிவ். ஔரங்காபாத் சத்ரபதி சம்பாஜிநகர். போர்டு மாறினாலும் சிவப்பு பஸ் கண்டக்டர் 'நகர், நகர்' என்றுதான் இன்னும் கூவுகிறார். அதனால் தப்பித்தேன்.

உன்னை மாதிரி அனல்மின் நிலையத்து ஏசி கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பென்ஷனுக்கு நாள் எண்ணுகிற பிழைப்பு இல்லை இது. இந்நேரம் ஹாலில் என் சாமான் மொத்தமும் பரத்திக் கிடக்கிறது. கால்பிரேட்டர், கிளாம்ப் மீட்டர், ஃபெரூல் டப்பா, சாற்றின் புளிப்பை அளக்கிற பி.எச். எலெக்ட்ரோடு நாலு. அந்த எலெக்ட்ரோடு நுனியில் கொத்தமல்லி விதை அளவுக்குக் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். அது காயக் கூடாது, தட்டக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஊற்றிய மூடியைப் போட்டு, அதைக் காலுறைக்குள் விட்டு, அதையும் ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைக்கிறேன். உன் தங்கச்சி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "பிரசவத்துக்கு என்னைய பஸ்ஸுல அனுப்பி வச்சீய" என்றாள். நியாயம்தான். ஆனால் அந்தக் குமிழ் பொய் சொன்னால் ஆலையே பொய்யாகிவிடும். சாறு ஆலையிலிருந்து வரும்போது புளிப்பாக, 5க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொடுத்து 7க்குக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் சர்க்கரை உடைந்து பாகிலேயே தங்கிவிடும், மணி பிடிக்காது. ஏறினால் நிறம் கறுக்கும். கோலாப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நூறு கிலோ கரும்பில் பன்னிரண்டு கிலோ சர்க்கரை எடுப்பது மானப் பிரச்சினை. பதினொன்றரைக்கு இறங்கினால் முதலில் திட்டு வாங்குவது என் குமிழ்தான்.

துணி ரெண்டு பை. பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய், ஒரு பாட்டில் நெய். ஆலை விருந்தினர் விடுதியில் சோள ரொட்டியான பாக்கரியும் கடலைமாவுப் பிட்லாவும் மிளகாய்த் தேச்சாவும்தான். ருசிக்குக் குறைவில்லை, ஆனால் நாற்பதாவது நாள் சோற்றில் பொடி பிசைந்து தின்னாவிட்டால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். பொங்கலுக்கு இங்கே மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு ஜோடி கரும்புக்கு உன் தங்கச்சி அரை மணி நேரம் பேரம் பேசுவாள். அதே நாளில் நான் ரெண்டாயிரத்து ஐந்நூறு டன் கரும்புக்கு நடுவில் நின்றுகொண்டு, கடித்துத் தின்ன ஒரு கழி தோதாக இல்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

டூல் பையை வழக்கம்போல டியூப் கீற்றால்தான் இறுக்கிக் கட்டுகிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

கிளம்புகிறதுக்கு முன்னால் வருசாவருசம் 'நான் இல்லாதபோது' என்று ஒரு நோட்டு எழுதி வைப்பேன். நீ கூட ஒரு தடவை அதைப் பார்த்துச் சிரித்து இருமி, தண்ணீர் கேட்டாய். சொசைட்டி பணம் எந்தத் தேதி, பிளம்பர் நம்பர், இன்சூரன்ஸ் கட்டும் மாதம், வாட்ச்மேனுக்கு எவ்வளவு. இந்த வருசமும் ராத்திரி உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். பெரியவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் பிளம்பர் ஊருக்குப் போய் மூணு வருசமாச்சு. எல்லாம் போன்லயே கட்டிருதோம்" என்றாள். சின்னவன் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியிருக்கிறான், போன பிப்ரவரியில். யாரும் அதைத் திறந்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

சரி, அது போகட்டும். இன்சூரன்ஸ் நகல் தேடி பீரோவைக் குடைந்தேன். சேலைக்கு அடியில் பெரியவளின் பழைய நூறு பக்க நோட்டு ஒன்று. அட்டையில் உன் தங்கச்சி கையெழுத்தில் 'அவுக வந்தா'.

நான் வந்தால் வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு நோட்டுலே! நான் போவதற்கு நோட்டு எழுதுகிறேன், அவள் நான் வருவதற்கு எழுதியிருக்கிறாள். முதல் ரெண்டு நாள் தூங்கட்டும், வரவு செலவு பேசக் கூடாது. ரிமோட்டை அவர் பக்கம் வைக்கவும். எதிலும் வெல்லம் போட வேண்டாம், அந்த வாசனையே ஆகாது. சின்னவன் மார்க் மூணாம் நாள் சாயங்காலம். 'நான் இல்லாதப்போ' என்று ஆரம்பித்தால் பதில் சொல்லாமல் காபி கொடுக்கவும். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எத்தனை காபி குடித்திருக்கிறேன்! வெவ்வேறு பேனாவில், வெவ்வேறு வருசத்தில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் வந்து இறங்கும்போதெல்லாம் வீடு எனக்காக அப்படியே காத்திருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அல்லவா ஒவ்வொரு தடவையும் தங்களை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

கடைசி வரி நீல மையில், போன சித்திரையில் எழுதியிருக்க வேண்டும். 'குண்டண்ணன் அப்பா பத்திக் கேக்கக் கூடாது. அவுகளாச் சொல்லட்டும்.'

இந்தக் கடிதம் அதற்காகத்தான் குண்டு. மேலே இருக்கிற ரெண்டு பக்கம் சுற்றி வளைத்தது.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் நீ கூப்பிட்டாய். அப்பா போய்ட்டாருலே என்றாய். தம்பி துபாயிலிருந்து வரணும், நாளைக்கு மூணு மணிக்கு மேலதான் எடுப்போம் என்றாய். நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். மில் ஓடுதுலே, இங்கன வேற ஆள் இல்ல, நகர முடியாது என்றேன். நீயும் சரி மாப்ள, வேலையப் பாரு என்றாய்.

மில் ஓடவில்லை.

அன்று காலையில்தான் நிறுத்தியிருந்தார்கள். எவாப்பரேட்டர் குழாயில் சுண்ணாம்புப் படிவு ஏறிவிட்டால் சாறு சூடேறாது. சில வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் நிறுத்தி, காஸ்டிக் சோடா ஊற்றிக் கொதிக்கவைத்து, உள்ளே ஆள் இறங்கிச் சுரண்டுவார்கள். ஒரு முழு நாளுக்குக் குறையாது. எனக்கு அன்றைக்கு வேலையே இல்லை. புனேவுக்கு ஐந்து மணி நேரத்தில் கார் போகும். ராத்திரி சென்னைக்கு விமானம் இருந்தது, காலையில் அங்கிருந்து தூத்துக்குடிக்கும் இருந்தது. டிக்கெட் விலை வரைக்கும் போனில் பார்த்தேன். பணம் காரணமில்லை. உன்னிடம் அந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம்.

கட்டிலில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு வாரமாகப் பை கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். மூலையில் பை நின்றது. அதைத் திரும்பவும் கட்ட வேண்டும் என்று நினைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. முதல் பொய்க்குக் காவலாக அடுத்தது.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. கரும்பு வெட்டுகிற பெண் ஒருத்தி என் அறைக்குப் போன் சார்ஜ் போட வந்தாள். பீட் மாவட்டத்துக்காரி. அந்த ஊர்க்காரர்களுக்குத் தசரா கழிந்ததும் கிளம்ப வேண்டும். முகாதம், அதாவது ஆள் பிடிக்கிற மேஸ்திரி, முன்பணம் கொடுத்திருப்பான். புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து கணக்கில் ஒரு கொய்தா. கொய்தா என்றால் அரிவாள், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேர் அதுதான். இருட்டோடு வயலில் இறங்குவார்கள். வெட்டிய கரும்பை ஒரு நாளைக்குள் அரைக்காவிட்டால் சத்து இறங்கிவிடும் என்பதால் ராத்திரியிலும் வண்டி ஏற்ற வேண்டும். ஆறு மாதக் குடித்தனம் முழுக்க ஒரு டிரெய்லரில் வந்து இறங்கும். பானை, கோழி, ஆடு, பிள்ளை எல்லாம். நான் ரெண்டு பைக்கு இந்த ஆட்டம் ஆடுகிறேன்.

போனில் ஓர் ஆட்டின் படம் இருந்தது. யாரு இது என்று விளையாட்டாகக் கேட்டேன். வீட்டில் விட்டுவந்தது என்றாள். பிள்ளைகள்? ரெண்டு பேர் பாட்டியிடம், சின்னது இங்கே கோப்பியில் தூங்குகிறது என்றாள். கோப்பி என்பது அவர்கள் போடுகிற குச்சில். போகும்போது கதவருகில் திரும்பி, "மில் பந்த் ஆஹே, காவாலா நாஹி கேலாத்?" என்றாள். மில்தான் மூடியிருக்கே, ஊருக்குப் போகலையா என்று.

ஊர் தூரம், வேலை இருக்கு என்று என்னமோ உளறினேன்.

உன் தங்கச்சியிடம் நேற்றுத்தான் கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க பேசயில பின்னால மில் சத்தம் கேக்கலையே." இருபத்து மூணு பருவமாக என் குரலுக்குப் பின்னால் அந்த இரைச்சலைக் கேட்டவள் அவள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உனக்கும் கேட்டிருக்குமே லே? கூட்டமும் அழுகையுமாக உன் பக்கம் இருந்த சத்தத்துக்கு நடுவில், என் பக்கம் ஒரு சத்தமும் இல்லை என்று? சொல்லாமல் இருந்துவிட்டாயா, கவனிக்கவே இல்லையா? ரெண்டில் எது என்று தெரியாமல்தான் போனை எடுக்கப் பயந்தேன்.

ஜீரோ சார் வகுப்பு ஞாபகம் வருகிறது. மீட்டர் கம்பியில் அனுப்புகிற சிக்னல் நாலிலிருந்து இருபது மில்லி ஆம்பியர், அளவு ஒன்றுமே இல்லாதபோதும் கம்பியில் நாலு ஓடும், அப்படியானால் சுழி வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார். 'சார் சம்பளம் இன்னும் வரலைன்னு அர்த்தம்' என்று சொல்லி வெளியே போனாயே. கம்பி அறுந்துவிட்டது என்பதுதான் பதில். பத்து மாதமாக என் பக்கம் நாலுதான் ஓடியது. அறுக்கவில்லை. நீ நம்பினாலும் சரி, திட்டினாலும் சரி.

உன் அப்பாவுக்கு நான் கடன்பட்டிருப்பதை உன்னிடம் பட்டியல் போட்டால் நீயே அடிப்பாய். மூணாம் செமஸ்டர் ஃபீஸை, பங்க்சர் பார்த்த சில்லறையாகவே எண்ணி, கிரீஸ் விரலோடு என் சட்டைப்பையில் போட்டார். கல்லூரி கேஷியர் அந்த நோட்டுகளை முகர்ந்து பார்த்தார். மும்பைக்கு நான் முதல் தடவை வண்டியேறிய அன்று என் தகரப்பெட்டிக்குக் கொக்கி இல்லை. கடையில் ஆணியில் தொங்கிய பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து, ரெண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். கயிறு அவுந்துரும், இது இழுக்க இழுக்க இறுகும் என்றார். இருபத்து மூணு வருசமாக என் டூல் பை அந்தக் கட்டில்தான் போகிறது. கீற்று மட்டும் அவ்வப்போது மாறும்.

இப்போது விசயத்துக்கு வா. முதல் வருசத் திதி எந்த நாளில் விழுகிறது? இங்கிலீஷ் தேதியை நீ குழப்புவாய், மதினியிடம் பஞ்சாங்கம் பார்த்துக் கேட்டு உடனே சொல். டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் ஆலைக்குச் சொல்லப் போகிறேன். அந்த நேரம் மில் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. ஒரு பையனைப் பழக்குகிறேன், கெட்டிக்காரன். என் குமிழ்களை ரெண்டு நாள் தாங்குவான். வந்தால் என்னை எப்படி நடத்த வேண்டும் என்று நோட்டெல்லாம் போடாதே. வாசலிலேயே வைத்து ரெண்டு போடு போட்டுவிட்டு உள்ளே விடு.

பன்னிரண்டரை ஆகிறது. உன் தங்கச்சி லைட்டை அணைக்கச் சொல்கிறாள்.

மாறாத,
ஒட்டடைக்குச்சி

பி.கு.: இப்போது பையை இழுத்துக் கட்டும்போது டியூப் கீற்று அறுந்துவிட்டது. காலையில் செம்பூர் ஸ்டேஷன் ரோடு முழுக்கக் கேட்டுப் பார்க்க வேண்டும். இங்கே பாதி வண்டி டியூப்லெஸ். கடைச்சாவி உன்னிடம்தானே இருக்கிறது? அந்த ஆணியில் இன்னும் ஏதாவது தொங்கினால் எடுத்து வை. கிழித்துவிடாதே, உனக்கு நேராகக் கிழிக்க வராது.