சிஎன்சி மென்பொருள் மாற்றம்: திரை கேட்காத கேள்விகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும்) எந்திரத்துக்குப் புதிய கட்டுப்பாட்டு மென்பொருளை விற்பவர்கள், “கான்வர்சேஷனல் வசதி இருக்கிறது, திரை கேட்கிற அளவுகளைக் கொடுங்கள், புரோகிராம் தானாக வந்துவிடும்” என்று சொல்கிறார்கள். வசதி உண்மையானது, நல்லதும்கூட. ஆனால் அதை நம்பி, எந்திரத்தின் கட்டளை மொழியான ஜி-கோட் படிக்கத் தெரிந்த ஆள் இனித் தேவையில்லை என்று முடிவெடுக்கும் பட்டறைகளில்தான் டூல் (வெட்டும் கருவி) உடைகிறது, ஜாப் (வெட்டப்படும் பொருள்) வீணாகிறது. எங்கே, ஏன் என்பதை விளக்கவே இக்கடிதம்.

முதல் ஆபத்து பழைய புரோகிராம்களில் இருக்கிறது. ஃபானுக் வகைக் கட்டுப்பாடுகள் பலவற்றில், பாராமீட்டரைப் (உள்ளமைப்பு மதிப்பைப்) பொறுத்து, தசமப்புள்ளி இல்லாத எண் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் எடுக்கப்படும். அங்கே இசட்-500 (செங்குத்து அச்சில் கீழே 500) என்றால் அரை மில்லிமீட்டர். அதே வரியைக் கணினியில் ஓடும் கட்டுப்பாட்டு மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி 500 மில்லிமீட்டர் என்று படிக்கும். சாஃப்ட் லிமிட் (மென்பொருளில் வைத்த நகர்வு எல்லை) சரியாக இருந்தால் அலாரம் வந்து நிற்கும். இல்லாவிட்டால் டூல் மேசையில் மோதும். அதே இடத்தில் காத்திருக்கச் சொல்லும் ஜி04 பி500 என்பதும் அப்படியே: ஃபானுக்கில் அரை விநாடி, லினக்ஸ்சிஎன்சியில் 500 விநாடி. எட்டு நிமிடத்துக்கு மேல் டிரில் துளையின் அடியில் உரசிக்கொண்டே நிற்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் அந்த இடம் இறுகி, அடுத்து இறங்கும் டூலின் முனையையும் கெடுக்கும்.

வளைவுகளில் வரும் பிழை இன்னும் சூழ்ச்சியானது. வளைவின் மையத்தைச் சொல்லும் ஐ, ஜே மதிப்புகளைத் தொடக்கப் புள்ளியிலிருந்து அளப்பது ஒரு முறை (ஜி91.1), வேலைப் பூஜ்யத்திலிருந்து (ஜாபின் அளவுகள் தொடங்கும் புள்ளியிலிருந்து) அளப்பது இன்னொரு முறை (ஜி90.1). முறை மாறினால் ஆரம் பொருந்தவில்லை என்று அலாரம் வரும், அல்லது எதிர்பாராத பெரிய வட்டம் வெட்டப்படும். சோதனைக்காக எக்ஸ்0 ஒய்0-விலிருந்து ஒரு வட்டம் ஓட்டிப் பார்ப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தொடக்கப் புள்ளியே பூஜ்யம் என்பதால் இரண்டு முறையிலும் ஒரே விடைதான் வரும். பூஜ்யத்திலிருந்து தள்ளி, எக்ஸ்40 ஒய்25 போன்ற இடத்தில் தொடங்கி ஓட்ட வேண்டும்.

கூர்மையான உள்மூலைகள் மழுங்கி வந்தால் உடனே எந்திரத்தின் பேக்லாஷைக் (திருகுத் தளர்வைக்) குறை சொல்ல வேண்டாம். லினக்ஸ்சிஎன்சியில், நிற்காமல் தொடர்ந்து நகரச் சொல்லும் ஜி64-ஐ மட்டும் எழுதினால் வேகத்துக்காக மூலையை வெட்டிச் செல்லும். ஜி64 பி0.02 என்று எழுதினால் விலகல் 0.02 மில்லிமீட்டருக்குள் அடங்கும்.

இனி கான்வர்சேஷனல். இது புதிய கண்டுபிடிப்பல்ல, மசாக் நிறுவனம் மசட்ரோல் என்ற இத்தகைய முறையைக் கொண்டுவந்தது 1981-இல். ஆனால் மசட்ரோல் புரோகிராமை அந்தக் கட்டுப்பாடு நேரடியாகவே புரிந்துகொள்ளும். கணினியில் ஓடும் மென்பொருள்கள் பலவற்றிலோ, திரை ஒரு ஜி-கோட் கோப்பை எழுதிக் கொடுப்பதோடு சரி. அந்தக் கோப்பில் கையால் செய்த திருத்தம் திரைக்குத் தெரியாது. மறுநாள் ஓர் அளவை மாற்றித் திரும்ப எழுதச் சொன்னால் திருத்தம் அழிந்துபோகும். திருத்திய கோப்பை வேறு பெயரில் வைக்க வேண்டும்.

60-க்கு 40 மில்லிமீட்டர் பாக்கெட் (குழி), ஆழம் 12, அதை வெட்டும் டூலான எண்ட் மில்லின் விட்டம் 10 என்று வைத்துக்கொள்வோம். ஒரு இறக்கத்துக்கு 3, கடைசி மெல்லிய வெட்டான ஃபினிஷுக்கு 0.2 என்று திரை கேட்டு வாங்கிக்கொள்ளும். பூஜ்யம் பாக்கெட்டின் நடுவிலா, இடது கீழ் மூலையிலா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சிறிய படம் ஒன்றில் புள்ளியாகக் காட்டியிருப்பார்கள், அதைப் பார்க்காமல் விட்டால் பாக்கெட் 30-க்கு 20 தள்ளி விழும். டூல் நேராக இறங்குமா, சரிந்து இறங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். நடுவில் வெட்டுமுனை இல்லாத எண்ட் மில்லை நேராக இறக்கினால் அது துளைக்காது, அழுத்தி உடையும். மூலை ஆரம் 5 என்று கொடுத்தால் திரை மறுப்பில்லாமல் ஏற்கும். டூலின் ஆரமும் 5 என்பதால் ஒவ்வொரு மூலையிலும் டூல் திசை மாற ஒரு கணம் நின்று, அதிர்ந்து, தழும்பு விடும். 8 மில்லிமீட்டர் டூலைப் போடலாம், அல்லது வரைபடம் அனுமதித்தால் ஆரத்தை 6 ஆக்கலாம்.

ஜாபைப் பிடிக்கும் வைஸின் தாடை எவ்வளவு உயரம், கிளாம்ப் எங்கே இருக்கிறது, ஹோல்டருக்கு வெளியே டூல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையெல்லாம் திரை பெரும்பாலும் கேட்பதில்லை. பாதுகாப்பு உயரம் 2 என்று இருந்து, கிளாம்ப் ஜாபுக்கு மேல் 15 நின்றால் மோதல் நிச்சயம். லேத்தில் ஃபீட் (டூல் முன்னேறும் வேகம்) அலகு தனித் தலைவலி. சுற்றுக்கு 0.2 என்ற எண்ணம் நிமிடத்துக்கு 0.2 ஆகிவிட்டால் டூல் நகர்வதே தெரியாது. நிமிடத்துக்கு 200 என்பது சுற்றுக்கு 200 ஆனால் என்னவாகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

ஆகவே பட்டறை நடத்துவோரையும் பயிற்சி நிலையங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: திரை எழுதிய கோப்பைத் திறந்து, முதல் இருபது வரிகளையாவது ஆபரேட்டர் வாய்விட்டுப் படித்து விளக்கட்டும். ஜி21 (மில்லிமீட்டர் அலகு), ஜி90 (பூஜ்யத்திலிருந்து அளத்தல்), ஜி54 (வேலைப் பூஜ்யம்), ஜி43 எச் எண் (டூல் நீளத் திருத்தம்), ஃபீட் அலகு, முதல் இசட் உயரம். பிறகு இசட் பூஜ்யத்தை 50 மில்லிமீட்டர் மேலே வைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேபிட் ஓவர்ரைடை (வெட்டாத வேக நகர்வின் விகிதத்தை) 25 சதவீதத்துக்குக் குறைத்து ஒருமுறை காற்றில் ஓட்டட்டும். எமர்ஜென்சி ஸ்விட்ச் மென்பொருளை நம்பாமல் டிரைவின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும்படி இருக்கட்டும்.

பழைய கட்டுப்பாட்டின் பாராமீட்டர்களையும் டூல் ஆஃப்செட்களையும் (டூல் அளவுத் திருத்தங்களையும்) நகலெடுத்து, வயர்களுக்கு எண் ஒட்டிய பிறகே அதைக் கழற்றுங்கள். அளவு நன்கு தெரிந்த வழக்கமான ஜாப்கள் புதியதில் சரியாக வரும்வரை பழையதை விற்காதீர்கள்.

இப்படிக்கு,
சிஎன்சி புரோகிராமர் ஒருவர்