ழ, ர, அப்புறம் அந்தச் செக் எழுத்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஐயோவா மாநிலத்தில் ஒரு பொது வானொலியில் மேற்கத்திய செவ்வியல் இசை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். போன மாதம் ஓய்வு பெற்றேன். நிலையத்தாருக்கு ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் கொடுத்தாயிற்று. அது இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக வந்துவிட்டது. இது வீட்டில் வேட்டியோடு உட்கார்ந்து எழுதுவது.

1988-ல் திருச்சியிலிருந்து இதழியல் படிக்க வந்தேன். மாணவர் விசாவில் வளாகத்துக்குள் மட்டும் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவ இடம் காலியில்லை. வளாக வானொலியில் நள்ளிரவுக்கு மேல் இசைத்தட்டு மாற்ற ஆள் தேடினார்கள். என் கலை ஆர்வம் தொடங்கிய கதை இவ்வளவுதான்.

முதல் நன்றி அந்த இரவுப் பொறியாளருக்கு. டேப்பின் இரண்டு முனைகளையும் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டினால் ஒட்டுப்போட்ட இடம் காதுக்குத் தெரியாது என்று காட்டியவர் அவர். ஒரு தடவை இசையமைப்பாளர் மாலரின் முதல் சிம்பொனியைப் போட்டேன். அது தொடங்குவதே தந்திகளில் நீளும் ஒரே ஸ்வரத்தில், கேட்டும் கேட்காத மாதிரி. ஒலிபரப்பு நின்றுவிட்டதோ என்று எச்சரிக்கை மணி அலறியது; நான் பதறி ஊசியைத் தூக்கிவிட்டேன். அவர் திட்டவில்லை. ஒலி குறைந்தால் கருவி என்ன நினைத்துக்கொள்ளும், காரில் போகிறவருக்கும் மெல்லிய இடங்கள் கேட்கட்டும் என்று கம்ப்ரஸர் என்ற ஒலிக்கருவி எப்படி அவற்றைத் தூக்கிக் கொடுக்கிறது என்றெல்லாம் விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஐரோப்பாவின் செக் நாட்டு இசையமைப்பாளர் துவொர்ஷாக்கின் பெயரை நான் 'டுவோராக்' என்று வாசித்திருந்தேன். "தம்பி, அவர் எங்க ஊர்க்காரர் மாதிரி. பேரைச் சரியாச் சொல்லு" என்றது ஒரு வயதான குரல். செக் வம்சாவளிப் பாட்டி. அந்தப் பேரின் நடுவில் வரும் செக் எழுத்துக்கு, ரகரத்தை உருட்டிக்கொண்டே அதே மூச்சில் ஷகரம் போலக் காற்றையும் விட வேண்டுமாம். வாரக்கணக்கில் தொலைபேசியிலேயே பாடம் நடந்தது. பதிலுக்கு நான் 'தமிழ்' சொல்லச் சொன்னேன். அவருக்குக் கடைசிவரை வரவில்லை. பொறியாளரோ ஒரே நாளில் 'பழம்' என்றார்! அமெரிக்கர்களின் 'ஆர்' நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு.

கோடையில் அந்தச் செக் பாட்டி என்னை ஐயோவாவிலேயே இருக்கும் ஸ்பில்வில்லுக்கு அழைத்துப்போனார். நியூயார்க்கில் இசைப்பள்ளி நடத்த வந்திருந்த துவொர்ஷாக், 1893 கோடையைக் குடும்பத்தோடு இந்தச் சின்னச் செக் கிராமத்தில்தான் கழித்தார். தங்கிய வீடு இப்போது கடிகார அருங்காட்சியகம். பக்கத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்திருக்கிறார். 'அமெரிக்கன்' என்று பெயர் பெற்ற, ஓபஸ் 96 என்ற படைப்பு எண் கொண்ட, நான்கு தந்திக் கருவிகளுக்கான நால்வர் இசையை, வந்த சில நாட்களிலேயே எழுதத் தொடங்கி மூன்றே நாளில் வரைவை முடித்துவிட்டார். சொந்த மொழி பேசும் தெரு கிடைத்தால் வேலை ஓடும்தானே. எனக்கு அப்படித் தெரு கிடைக்கவில்லை. தொலைபேசியில் ஒரு பாட்டி கிடைத்தார்.

படிப்பு முடிந்ததும் விசாக் காகிதங்களோடு மல்லுக்கட்டி என்னை வேலைக்கு வைத்துக்கொண்டவர் எங்கள் அப்போதைய மேலாளர். என் முதல் வருடத்தில், இந்த உச்சரிப்பில் பீத்தோவனைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று ஒருவர் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மேலாளர் அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார். தான் ஓய்வு பெறும் நாளில்தான் எடுத்துக் காட்டினார். முதல் வருடமே பார்த்திருந்தால் வேறு வேலை தேடிப் போயிருப்பேன். அத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்ததற்கு, ஐயா, நன்றி.

அறிவிப்பை எங்கே கற்றாய் என்று இங்கே பலரும் கேட்பார்கள். திருச்சி வானொலியில்தான். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், வயலின், மிருதங்கம், கடம் என்று ஒருவரையும் விடாமல் சொல்லும் அந்த அறிவிப்பாளர்களின் முகத்தை நான் பார்த்ததில்லை. நால்வர் குழு என்றால், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பவர் பெயரையும் கட்டாயம் சொல்லும் என் பழக்கம் அவர்கள் கொடுத்தது.

அப்புறம் என் சொந்தப் பாட்டி. மேற்கத்திய மெட்டுகளுக்குத் தீட்சிதர் எழுதிய நோட்டுஸ்வரங்களில் 'சந்ததம் பாஹிமாம்' சொல்லிக்கொடுத்தார். அது இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. அதே மெட்டில் அமெரிக்கர்களுக்கும் ஒரு தேசபக்திப் பாட்டு உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஐவ்ஸ் அதை வைத்து ஆர்கனில் விளையாடியிருக்கிறார். ஜூலை 4 அன்று அதை ஒலிபரப்பும்போதெல்லாம் மைக்கை அணைத்துவிட்டு நான் பாட்டியின் சொற்களைப் பாடிக்கொண்டிருப்பேன்.

நேயர்களில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. விடிகாலை நாலரைக்குப் பால் கறக்கும் பண்ணைக்காரர். வருடத்துக்கு இரண்டு முறை நாங்கள் மைக்கில் நன்கொடை கேட்போம். அப்படிக் கேட்க எனக்குக் கூச்சம் கடைசிவரை போகவில்லை. ஒவ்வொரு முறையும் 25 டாலர் காசோலை அனுப்புவார், கூடவே, முழக்கமான இசைக்குப் பேர்போன ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டு: 'வாக்னரைக் குறையுங்கள், மாடுகள் மிரள்கின்றன.' 2025 ஜூலையில் எங்களைப் போன்ற பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றபோது 50 டாலர் அனுப்பினார். வாக்னர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம் என்று இருந்தவனோடு குடும்பம் நடத்திய என் மனைவிக்கு என்ன எழுத? இதை அவள்தான் பிழை திருத்தினாள். இந்த வரியை வெட்டச் சொன்னாள். வெட்டவில்லை.

கடைசி நிகழ்ச்சியில் ஓபஸ் 96 போட்டேன். செக் பாட்டி காலமாகி வெகுநாளாகிறது. முடிந்ததும் அவர் மகள் கூப்பிட்டார். "அம்மா இருந்திருந்தால், அந்த எழுத்து இன்னும் உனக்கு வரலைன்னு சொல்லியிருப்பாங்க" என்றார்.

வரவில்லைதான்.

அன்புடன்,
உங்கள் இரவு அறிவிப்பாளன்