பிரேசல் வெர்புக்குத் தமிழிலேயே வழி இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சில வாரங்களாக வெளிவரும் ஆங்கில ‘பிரேசல் வெர்ப்’ (வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிப் பொருள் மாறும் தொடர்) பட்டியலைத் தவறாமல் படித்து வருகிறேன். அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் 28 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அதில் ஒரு குறையைச் சுட்ட விரும்புகிறேன். ‘புட் ஆஃப்’ என்றால் ‘போஸ்ட்போன்’, ‘புட் அப் வித்’ என்றால் ‘டாலரேட்’, ‘புட் அவுட்’ என்றால் ‘எக்ஸ்டிங்விஷ்’ என்று இரண்டு வரிசையாக அச்சிடுகிறீர்கள். வலப்பக்கத்தில் இருப்பவை லத்தீனிலிருந்து வந்த ஏட்டுச் சொற்கள். ஆங்கிலேயர் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசுவதோ இடப்பக்கச் சொற்களை. தெரியாத ஒன்றுக்கு அதைவிடத் தெரியாத ஒன்றைப் பொருளாகக் கொடுத்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஒரு மதிப்பெண் வினாவுக்காக உருப்போட்டுவிட்டு மறுநாளே மறப்பதைத் தவிரப் பிள்ளைகளால் வேறென்ன செய்ய முடியும்?

ஒரு முறை எட்டாம் வகுப்பில், ‘மை கிராண்ட்மதர் லுக்ஸ் ஆஃப்டர் மீ’ என்ற வாக்கியத்தை ஒரு மாணவன் ‘என் பாட்டி எனக்குப் பிறகு பார்க்கிறார்’ என்று மொழிபெயர்த்திருந்தான். வகுப்பே சிரித்தது; ஆனால் அவன் சொன்னதில் தனித்தனிச் சொல் எதுவும் தவறில்லை. அவனை எழுப்பி, “உங்கள் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது பாட்டியிடம் என்ன சொல்வார்?” என்று கேட்டேன். “புள்ளையப் பாத்துக்குங்க அத்தை” என்றான். ‘பார்த்துக்கொள்’ என்பதில் ‘கொள்’ என்ன வேலை செய்கிறது என்று கேட்டபோது சற்று நேரம் விழித்தான். பார்வை, அந்தச் சிறு சொல் ஒட்டியதும் பராமரிப்பாக மாறிவிட்டது. ‘லுக்’கோடு ஒட்டிய ‘ஆஃப்டர்’ செய்வதும் அதே வேலைதான். அதன் பிறகு அவன் அந்தச் சொல்லைத் தவறாக எழுதி நான் பார்த்ததில்லை.

வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிப் பொருள் மாறிப்போகும் இவ்வகையே அயலாருக்கு மிகுந்த இடர்ப்பாடு தருவது என்று, 1755இல் வெளியான தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சனே எழுதியிருக்கிறார். அந்த அயலாரில் தமிழரையும் அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால் நம் மொழி முழுக்க இத்தகைய வினைகள்தாம். விடுவதும் கொடுப்பதும் சேர்ந்து ‘விட்டுக்கொடு’ ஆகிறது. காண்பதும் பிடிப்பதும் சேர்ந்து ‘கண்டுபிடி’ ஆகிறது. ‘புட் ஆஃப்’ என்பதற்குத் ‘தள்ளிப்போடு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘போடு’ என்ற வினைகூட அப்படியே பொருந்துகிறது. ‘புட் ஃபார்வர்ட்’ முன்வைப்பது, ‘லுக் ஃபார்வர்ட் டு’ எதிர்பார்ப்பது, ‘டேக் அப்’ மேற்கொள்வது. திசையையும் இடத்தையும் காட்டும் சொல் ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் நிற்கிறது, தமிழில் முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் நுட்பமான ஒற்றுமையும் உண்டு. ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’ ஆகியவற்றில் வரும் ‘அப்’புக்கு ‘மேலே’ என்று பொருள் கொண்டு பிள்ளைகள் குழம்புகிறார்கள். அது செயல் மிச்சமின்றி முடிவதைக் குறிப்பது. சாப்பிட்டுவிடு, குடித்துவிடு, தீர்த்துவிடு என்னும்போது நம் ‘விடு’ செய்வது அதையே. எல்லா ‘அப்’பும் இதில் அடங்கிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே சொல்லுக்குப் பல பொருள் என்பது நம் தெருவுக்குப் புதிதல்ல. வண்டிக்குப் பிக்கப் இல்லை என்கிறோம், வியாபாரம் பிக்கப் ஆகிவிட்டது என்கிறோம், வாடகைக் காரில் பிக்கப்பும் டிராப்பும் கேட்கிறோம். யாரும் பட்டியல் பார்த்து இவற்றைக் கற்றதில்லை.

பட்டியல் மறைக்கும் வேறொன்று, சொற்களின் வரிசை. ‘புட் அவுட் த ஃபயர்’ என்றாலும் ‘புட் த ஃபயர் அவுட்’ என்றாலும் சரி. ஆனால் தீக்குப் பதிலாக ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் அமர வேண்டும்: ‘புட் இட் அவுட்’. ‘லுக் ஆஃப்டர்’ இப்படிப் பிரியாது. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதே முறை. எது பிரியும், எது பிரியாது என்பதைத் தனிச்சொல் காட்டாது. ‘இட்’ வைத்த ஒரு முழு வாக்கியம் காட்டிவிடும்.

கற்றறிந்தோரிடமும் படிந்துவிட்ட சில பிழைகளைத் தங்கள் மாணவர் பக்கம் எடுத்துச்சொல்லலாம். சமாளிப்பதை ‘கோப் அப் வித்’ என்று சொல்வதை மேடைதோறும் கேட்கிறோம். அங்கே ‘அப்’ வேண்டியதில்லை. கல்லூரிப் படிப்பை முடித்ததை ‘பாஸ்டு அவுட்’ என்று விண்ணப்பங்களில் எழுதுகிறார்கள். இந்தியாவில் இது புரியும்; பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பதும் ‘பாசிங் அவுட்’ அணிவகுப்புதான். ஆயினும் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு அப்படி எழுதினால், படிப்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது விண்ணப்பித்தவர் மயங்கி விழுந்த காட்சியாகவே இருக்கும்.

அடுத்த வாரம் ‘டேக்’ வரிசை என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ‘டேக் ஆஃப்டர்’ வந்தால், எதிரே ‘ரிசெம்பிள்’ என்று அச்சிடாமல், ‘ஷீ டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்’ என்று முழு வாக்கியமாகக் கொடுத்து, பக்கத்தில் ‘அவள் அம்மாவை உரித்துவைத்திருக்கிறாள்’ என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திண்டுக்கல்.