அந்த ‘டொக்’ சத்தம்

கண்ணு,

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து உன் வண்டியின் சத்தம்தான் என் காதுக்குள் இருக்கிறது. நம் தெரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதே கேட்டுவிட்டேன். இடது முன்பக்கம், ‘டொக்’. எத்தனை நாளாக என்றதற்கு, “ரொம்ப நாளாகவே இருக்கிறது அப்பா, பழகிவிட்டது” என்றாய். பழகிக்கொள்கிற சத்தமா அது?

ஆயாவை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனோமே, அன்று வழி நெடுக அதைத்தான் கவனித்துக்கொண்டு வந்தேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் நீ ஓட்டிய நிதானம் எனக்குப் பெருமைதான். இறங்கும்போது, ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி நின்றாயே, இப்போது யார் அப்படி நிற்கிறார்கள்? ஆயா பாதி மலையிலேயே தூங்கிவிட்டது. ஆனால் இவ்வளவு நன்றாக ஓட்டத் தெரிந்தவளுக்கு வண்டி முனகுவது கேட்கவில்லையா?

என் கணக்கில் அது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. மெதுவாகப் போகும்போது சிறு சிறு பள்ளத்தில் ‘லொட லொட’ என்றது. அது பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு; வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற சிறு தண்டு. பெரிய செலவில்லை. அடிவாரத்துக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்தவுடன் ஒரே ஒரு ‘டொக்’ வந்தது பார், அதுதான் எனக்குக் கவலை. சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கிற லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ், அதாவது அதன் ரப்பர் வளையம், போயிருக்க வேண்டும். ரப்பர் பழைய செருப்பு வார் போல வெடித்திருக்கும்; பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து இடிக்கும்.

பட்டறையில் எடுத்தவுடன் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். லிங்க் ராடைப் பார்க்கிறேன் என்று ஒற்றைச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொள்ளும், தேய்ந்த மூட்டும் ஆடாமல் நல்லது போல நிற்கும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போது பட்டறைப் பள்ளத்தில் இறங்கிப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் சேருகிற மூட்டான பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்பதையும் நீயே குனிந்து பார். அந்த மூட்டு கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியில் அப்படி நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய்.

லிங்க் ராடை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்று. லோயர் ஆர்ம் போல்ட்டின் கடைசி முறுக்கு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான். அந்தரத்தில் தொங்கவிட்டு முறுக்கினால் புதுப் புஷ்ஷும் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட். ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் அடியில் போக விடாதே. ஸ்டாண்டு கொடுக்கச் சொல்.

வண்டிப் பெட்டியில் குடை தேடும்போது சர்வீஸ் புத்தகம் கையில் அகப்பட்டது. தை மாதத்திலிருந்து எல்லாம் உன் கையெழுத்து. முன்பெல்லாம் மாப்பிள்ளைதானே பட்டறைக்குக் கொண்டுபோவார். அவருக்கு வேலை அதிகமாக இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்கும் நீ தனியாகத்தான் வந்தாய்.

ஓசூரிலிருந்து வருகிறவளுக்குத் தொப்பூர் இறக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாரவண்டிகள் பிரேக் பிடிக்காமல் வந்து இடிக்கிற இடம். அங்கே பிரேக்கை மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் என்ன செய்வாய்? அதனால் இந்தச் சத்தத்தோடு அந்த வழியில் வராதே. முதலில் அங்கேயே நல்ல பட்டறையில் காட்டு. ஆர்மையும் பால் ஜாயிண்டையும் சரிசெய்துவிட்டு வா. மிச்ச வேலையை இங்கே சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் நானே கூட நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மிச்ச வேலை ஒரு நாள்தான். நீ ஒரு வாரம் தங்கு. மாடி அறையை அம்மா சுத்தம் செய்து வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலையை இங்கிருந்தே பார்க்கலாம் என்று நீதானே சொன்னாய். ஒரு மாதம் என்றாலும் சரிதான்.

அத்தை வீட்டுக் கல்யாணம் ஆவணியில் வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். ஆர்ம் போல்ட்டை முறுக்கும்போது சக்கரம் தரையில் இருக்க வேண்டும், முன்பே எழுதிவிட்டேனா? இருக்கட்டும், இன்னொரு தரம் படித்துக்கொள்.

கல்யாணப் பத்திரிகையை உங்கள் இருவர் பேருக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லவா, உன் அலுவலக முகவரிக்கு அனுப்பச் சொல்லவா? அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எழுது.

அப்பா