பத்திரத்தையும் வரி நோட்டையும் நம்பிக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இராமநாதபுரம் டவுனுக்குக் கிழக்கே, பட்டணம்காத்தான் பக்கத்து நம் தெருக்களின் வரலாற்றுத் தொகுப்பு ஒருவழியாக பைண்டிங்குக்குப் போய்விட்டது. சேதுபதிகளுக்குச் செப்பேடும் கல்வெட்டும் உண்டு. பிளாட் போட்டு விற்ற மனையில் எழும்பிய தெருக்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கிரயப் பத்திரம், வீட்டுவரி ரசீது, பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, அவ்வளவுதான். அதையெல்லாம் நம்பிக் கையில் கொடுத்தவர்களுக்கும், அதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் இந்த மடல்.

1985-ல் மாவட்டம் இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன்பு நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமே மதுரையில்தான் இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அலுவலகங்கள் இங்கே வந்த பிறகு அங்கே வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள், அவர்களுக்காக டீக்கடையும் மெஸ்ஸும் வந்தன, பின்னாலேயே மனை புரோக்கர்களும் வந்தார்கள். இந்த வரிசையைப் பத்திரங்களின் தேதியே சொல்லிவிடுகிறது.

முதல் நன்றி பத்திர எழுத்தர் ஐயாவுக்கு. பழைய பத்திரத்தில் ஒரு தெருவின் கதை செக்குபந்தியில்தான், அதாவது மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில்தான் இருக்கிறது என்று காட்டியவர் அவர். ‘வண்டிப்பாதைக்கு வடக்கு, பனந்தோப்புக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தால், மனைதான் பாதைக்கு வடக்கே இருக்கிறது. பாதை மனைக்குத் தெற்கே ஓடுகிறது. பலரும் ‘வடக்கே பாதை’ என்று படித்துவிடுவார்கள். அப்படிப் படித்தால் வரைபடமே தலைகீழாகிவிடும். சரிபார்க்க ஒரே வழி பக்கத்து மனைப் பத்திரம்தான். கிழக்கு வீட்டுக்காரர் பத்திரத்தில் ‘இன்னார் மனைக்குக் கிழக்கு’ என்று நம் மனை வரவேண்டும். வராவிட்டால் இரண்டில் ஒன்று தப்பு, அல்லது இடையில் ஒரு சந்து காணாமல் போயிருக்கிறது. காணாமல் போன சந்துகள் நிறைய.

பழைய சர்வே எண்ணும் இன்றைய பட்டாவில் உள்ள சர்வே எண்ணும் ஒத்துப்போகாததற்கு, நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்கள் மாறியதும் ஒரு காரணம். பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. பழைய தாளில் சென்ட், புதிய பட்டாவில் ஏர். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி. ‘குழி’ என்று எழுதியவற்றை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறோம். குழிக்கணக்கு ஊருக்கு ஊர் வேறு.

கோயில் நிர்வாகத்தாருக்கும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் தனி நன்றி. திருவிழா வரி நோட்டும் சந்தாப் புத்தகமும் இல்லையென்றால் எந்த வருஷம் எத்தனை குடும்பம் இருந்தது என்று சொல்லவே முடியாது. ஆனால் தலைக்கட்டு என்பது வீட்டுக் கணக்கு அல்ல. கல்யாணமான ஆண்தான் ஒரு தலைக்கட்டு. ஒரே கூரையில் மூன்று அண்ணன் தம்பி இருந்தால் மூன்று வரி. தனியே பிள்ளைகளை வளர்த்த அம்மாவின் வீடு சில நோட்டுகளில் பாதியாகவும், சிலவற்றில் இல்லாமலும் போகிறது. அந்த வீடுகளை ரேஷன் கார்டை வைத்துத்தான் சேர்க்க முடிந்தது.

பெரியவர்கள் வருஷம் சொல்வதில்லை, சம்பவம் சொல்வார்கள். ‘புயலுக்கு முன்னாடி’ என்றால் பெரும்பாலும் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். ‘பாலம் திறந்த வருஷம்’ என்பதில்தான் சிக்கல். பாம்பனில் ரயில் பாலம் 1914, ரோட்டுப் பாலம் 1988, புதிய ரயில் பாலம் 2025. ‘ராமேஸ்வரத்துக்கு பஸ்ஸில் போனீங்களா, ரயிலில் மட்டும்தானா?’ என்று கேட்டால் 1988-க்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு உட்கார்ந்து பேசிய அத்தனை தாத்தா பாட்டிகளுக்கும் நன்றி. விசிறிச் சத்தம் ஒலிப்பதிவில் பேச்சையே விழுங்கிவிடும்.

ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு: கூலி வாங்காமல் ஸ்கேன் செய்தது மட்டுமல்ல, எதைத் தொடக்கூடாது என்று சொன்னதற்கும் நன்றி. எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ போதும், சிறிய புகைப்படத்துக்கு 600 வேண்டும். நம் உப்புக்காற்றில் சட்டம் போட்ட படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் உரிக்காமல், பக்கவாட்டில் வெளிச்சம் வைத்து, கண்ணாடியோடேயே படம் எடுக்க வேண்டும். பசை ஆல்பத்தில் ஒட்டிய படத்துக்கு அடியில் மெல்லிய நைலான் இழையை விட்டு அறுப்பதுபோல இழுத்தால் கிழியாமல் வரும். ஒரு வேண்டுகோள்: அசல் பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. ஜெராக்ஸ் தாளை மலிவான பிளாஸ்டிக் கவரில் போட்டால் நாளடைவில் எழுத்து கவரில் ஏறிவிடும். காகித உறைதான் நல்லது. இராமபாணப் பூச்சி வராமல் உறையை அவ்வப்போது எடுத்து உதறி வையுங்கள்.

தொகுப்பில் அதிகப் பக்கம் பிடித்தது தண்ணீர்தான். வேறு எப்படி இருக்கும்? தண்ணீர் வண்டி தள்ளிய அக்காமார்களும், தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் அண்ணனும் சொன்னது இல்லாவிட்டால் அந்தப் பகுதியே இல்லை. இரும்பு வளையங்களில் குடத்தை இறக்கி வைக்கும் தள்ளுவண்டியை நம் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. குடம் 15 லிட்டர் என்றால் 10 குடம் ஏற்றிய வண்டியில் தண்ணீர் மட்டும் 150 கிலோ. மணல் தெருவில் ஒல்லிச் சக்கரம் புதையும். பேரிங்குக்கு கிரீஸ் வைக்காவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும்.

குழாய் வருமுன் ஊருணித் தண்ணீரைத் தெளிய வைத்த முறையையும் அவர்களே செய்து காட்டினார்கள். தேத்தாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கச் சொரசொரப்பில் சில சுற்றுத் தேய்த்து, கலங்கல் தண்ணீரை ஊற்றி, அசைக்காமல் வைக்க வேண்டும். சேறு அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை மட்டும் மொண்டு வடிகட்ட வேண்டும். எவர்சில்வர் குடத்தில் கொட்டை வழுக்கும், கரையாது.

கிணறு உப்பானது ஏன் என்பதற்கும் அவர்கள் பேச்சிலேயே விடை இருந்தது: ‘மோட்டார் போட்ட பிறகுதான் கரிச்சது.’ கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். இறைத்து மேலே 1 அடி குறைத்தால் கீழே உப்பு 40 அடி மேலேறப் பார்க்கும். ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்ற கணக்கு அங்கே எடுபடாது. காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், போர்த் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் என்று வீட்டுக்கு வீடு பிரித்து வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. கடினத் தண்ணீரில் பருப்பு வேகாது.

கொத்தனார் அண்ணாச்சி தெருத்தெருவாக வந்து, கூரையைப் பார்த்தே எந்த வீடு எந்தக் காலத்தது என்று அடையாளம் சொன்னார். சீலிங்கில் கம்பி ஓடும் வாக்கில் பழுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது. சுத்தியலால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். உப்புத் தண்ணீரில் கலவை போட்டதும், கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் குறைந்ததும்தான் காரணம். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. மேலே பூசி மறைப்பது வீண் செலவு என்பது அவர் கருத்து, எங்கள் கருத்தும் அதுவே.

மீன்கார அக்காவின் வாய்மொழி நாட்காட்டியும் சேர்ந்திருக்கிறது: விசைப்படகு கடலுக்குப் போன மறுநாள் என்ன வரும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீனில் எதை வாங்கலாம் என்பது வரை. விலை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார்.

அசல் தாள்களைத் திரும்ப வாங்காதவர்கள் ஜெராக்ஸ் கடையில் ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளவும். உறையின் மேல் உங்கள் கதவு எண் பென்சிலில் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் தாள்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். செக்குபந்தி வரைபடம் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. உங்கள் மனை தவறாக இருந்தால் பத்திரத்தோடு வந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். ஊருணிக்கு வடக்குப் பக்க மனைகளின் பத்திரம் மட்டும் இன்னும் வரவில்லை.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்